விவரக் குறிப்பு

ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.
போன வருஷத்துப் படிவத்தை எடுத்துத்
தேதியை மட்டும் மாத்திருங்க என்று
செயல் அலுவலர் பைக்கைக் கிளப்பிவிட்டார்.

பெயர்: தோணிக்கழி பேரூராட்சி, இராமநாதபுரம் மாவட்டம்.
வார்டுகள் பதினைந்து.
பரப்பு பதினொன்றே கால் சதுர கிலோமீட்டர்.
நான் இந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து
அதே பதினொன்றே கால்.
எனக்கு முன்னால் இருந்த சீனி இபுராம்சாவும்
அதையேதான் தட்டியிருக்கிறார்.

எல்லைகள்.
வடக்கே தண்டவாளம்.
மேற்கே உடைமரக் காடும்
உரிமையாளர் யாரென்று தெரியாத இரண்டு இறால் பண்ணையும்.
கிழக்கே பக்கத்து ஊராட்சி, குப்பை கொட்டுவதில் தகராறு.
தெற்கே கடல்.
மூன்று பக்கம் கல் நட்டிருக்கிறோம்.
நாலாவது பக்கம்
ஆனி ஆடியில் கச்சான் எழும்பும்போது
சர்வேயர் வராமலே அளந்துகொள்கிறது.

மக்கள்தொகை, ஆண்கள்.
இந்தக் கட்டத்தில் எனக்குக் கை நிற்கும்.
கணக்கெடுத்த அன்று
தங்கலுக்குப் போய்க் கடலில் கிடந்தவர்களை,
கத்தாரில் ஏசி கழற்றிக்கொண்டிருந்தவர்களை,
திருப்பூரில் பனியன் மடித்தவர்களை
வீட்டுப் பெண்கள் எல்லோருமே
"இருக்காக" என்றுதான் சொன்னார்கள்.
இருக்காக என்றே ஏறியிருக்கிறது.

குடிநீர் வழங்கும் இடைவெளி.
மணி, நாள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.
வாரம் என்று ஒரு வசதி அதில் இல்லை.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு ஊற்றும்
நம்புராஜனின் டிராக்டருக்கும்
ஒன்பதாம் வார்டில் மணலைத் தோண்டிச்
சிரட்டையால் மொள்ளும் ஊற்றுக்கும்
கட்டம் இல்லை.

மூன்று மணிக்குப் பூமயிலக்கா வந்தார்,
பாசி எடுத்துக் கிழிந்த விரல்களில்
துணி சுற்றியபடி, வீட்டுவரி கட்ட.
நான்காம் வார்டு, கதவு எண் நூற்றுப் பதினேழு.
ஆறு வருஷத்துக்கு முன் ஓர் ஆனி இரவில்
சுவர், அடுப்படி, கதவு எல்லாம் தண்ணீரோடு போயின.
கதவு மட்டும் நாலாம் நாள் ஒதுங்கியது.
இப்போது தங்கச்சி வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு அதுதான்.

தொண்ணூற்றாறு ரூபாய்.
ஈரமான நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

"அக்கா, இல்லாத வீட்டுக்கு வரி வாங்குறதா
ஆடிட்டில் குறிச்சிருக்காங்க. நீக்கிடுறேனே,
உங்களுக்கும் காசு மிச்சம்."

"நீக்கிட்டா பட்டா கேக்கப் போகையில
எங்க இருந்தேன்னு சொல்லுவேன்?
ரேசன் காடு, ஓட்டு, எல்லாம் அந்த நம்பர்லதான நிக்கி.
வீட்டக் கடல் எடுத்திருச்சு.
நம்பர நீ எடுத்துறாத தாயி."

பிரிண்டர் இழுத்து இழுத்துத் துப்பிய ரசீதை
ஜவுளிக்கடைப் பையில்
முந்தைய ஐந்தோடு வைத்து மடித்துக்கொண்டார்.

வீடுகள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
கழிக்கவில்லை.

தெருவிளக்குகள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
முப்பத்தெட்டாம் எண் கம்பம் அக்கா வாசலில் நின்றது.
இப்போதும் நிற்கிறது,
இடுப்பளவு தண்ணீரில், எண் அழியாமல்,
ரொசாரியோ தன் வல்லத்தைக் கட்டிப்போட வாகாக.
அதன் பல்புக்கும் மாதா மாதம் பில் வருகிறது,
நாங்களும் கட்டுகிறோம்.

நாலே முக்காலுக்கு ஒரு தைரியம்.
பரப்பில் பதினொன்றே காலை அழித்து
அதற்குக் கொஞ்சம் குறைவாகத் தட்டினேன்.
சிவப்பு எழுத்தில் கேட்டது:
முந்தைய ஆண்டுடன் பொருந்தவில்லை. காரணம்?
இணைப்பு.
பிரிப்பு.
தட்டச்சுப் பிழை.

மூன்றையும் இரண்டு முறை படித்தேன்.
மின்விசிறி ஒரு தடவை நின்று சுற்றியது.
மூன்றாவதை அழுத்தினேன்.
பதினொன்றே கால் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.
நான்கு ஐம்பத்தாறுக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது.

மேசையில்
அக்கா வாங்காமல் போன மீதி நாலு ரூபாய்.
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று
நாளைக்கு யாரையாவது கேட்க வேண்டும்.